38 வயது, 82 கிலோ, சர்க்கரை விளிம்பில்: இரண்டு முறை ஜிம்மை விட்டவர் மறுபடி எப்படித் தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: சென்னையில் கணினி வேலை. வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 102 செ.மீ., எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.0. மாத்திரை எதுவும் இல்லை, மூட்டிலும் இதயத்திலும் தொல்லை இல்லை. இரண்டு முறை ஜிம்மில் சேர்ந்து இரண்டு முறையும் மூன்றாவது வாரத்தோடு நின்றுபோயிருக்கிறது. அசைவம் வாரத்தில் இரண்டு நாள். சோற்றை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறலாமா, எந்த உடற்பயிற்சியில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மூன்றாவது வாரத்திலிருந்தே தொடங்குகிறேன். அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுவது, ஒரு மணி நேர ஜிம், இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது, இனிப்பை அடியோடு விடுவது என்று நாலைந்தை ஒன்றாகத் தொடங்குகிறோம். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்ததும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்து கரையும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் முதல் பத்து நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்ததுபோல் தெரியும், குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். மூன்றாவது வாரம் அந்தத் தண்ணீர்க் கணக்கு முடிந்து எடை மெஷின் நின்றுவிடும். கால் வலி இருக்கும், புரதம் குறைந்த சாப்பாட்டால் பசி இருக்கும், அலுவலகத்தில் ஒரு டெட்லைன் வந்து சேரும். யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே இந்தத் தடவை மாற்றங்களை ஒன்றாகக் கொட்டாமல், ஒன்றிரண்டு வாரத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான் வருகிறது.

உங்கள் எண்களைப் பார்ப்போம். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண், 29 வருகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு. மேலைநாட்டு அட்டவணையைப் பார்த்து 30 வரவில்லையே என்று ஆறுதலடைய வேண்டாம். ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. முதல் இலக்கு எடையில் 7 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஆறு கிலோ. எண்பத்திரண்டை அறுபத்தைந்தாக்கும் கனவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

இதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39 விழுக்காடு. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் எனக்கு அதில் முக்கியமான செய்தி. மெஷின் நகராத வாரத்திலும் உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இனி சாப்பாடு. உங்கள் உயரம், எடை, வயதுக்கு, உட்கார்ந்த வேலையில் ஒரு நாளைக்கு 2,200 முதல் 2,300 கலோரி வரை செலவாகும். நம் ஊரின் சாதாரண நாள் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார்: 400. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு மூன்று காபி: 300. மதியம் 400 கிராம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், தயிர்: 850. சாயங்காலம் டீயும் இரண்டு வடையும்: 300. இரவு நாலு தோசை, சட்னி: 650. மொத்தம் 2,500. எந்த வேளையிலும் அளவுக்கு மீறித் தின்றதாகத் தோன்றாது, ஆனால் தினமும் இருநூறு, முந்நூறு கலோரி மிச்சமாகிறது. இதில் உள்ள புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 50-க்கும் 60 கிராமுக்கும் நடுவே நிற்கும். உங்களுக்கு 80, 85 கிராம் வேண்டும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையாமல் இருக்கவும், பதினோரு மணிக்கே பசிக்காமல் இருக்கவும் அது தேவை.

முதல் இரண்டு வாரம் மூன்றே மாற்றம். மூன்று காபியை இரண்டாக்குங்கள், இரண்டு ஸ்பூன் சர்க்கரையை அரை ஸ்பூனாக்குங்கள். இதிலேயே 150 கலோரி போய்விடும். ஒரே நாளில் சர்க்கரையே இல்லாமல் குடிக்கப் பார்த்தால் நாலாவது நாள் பழைய டம்ளருக்கே திரும்புவீர்கள். நாலு நாளைக்கு ஒருமுறை அரை ஸ்பூன் வீதம் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். காலையில் நாலு இட்லி மூன்றாகட்டும், கூடவே இரண்டு முட்டை. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்றாவது மாற்றம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட நடை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் மதியத் தட்டுக்கு வருவோம். ஓர் ஆழாக்கு அரிசி சுமார் 140 கிராம், வடித்தால் ஏறக்குறைய 400 கிராம் சோறு. அதில் பாதி உங்களுக்குப் போதும், அதாவது தலைக்கு அரை ஆழாக்கு அரிசி. கண்ணளவு ஏமாற்றும், சமையல் தராசில் ஒரு வாரம் எடை போட்டுப் பழகுங்கள், பிறகு கரண்டிக் கணக்கு பிடிபட்டுவிடும். சோற்றைக் குறைத்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்குப் பஜ்ஜிக் கடை வாசலில் நிற்பீர்கள். அந்த இடத்தைக் காய்கறியும் பருப்பும் நிரப்ப வேண்டும். நாலு பேர் குடும்பத்துச் சாம்பாரில் பொதுவாக 100 கிராம் துவரம்பருப்பு போடுவார்கள். தலைக்கு 5 கிராம் புரதம்தான் அதில் வரும். அதையே 200 கிராமாக்கிச் சாம்பாரைக் கூட்டுப் பதத்தில் வையுங்கள். செலவும் அதிகமில்லை, வீட்டில் தனிச் சமையலும் வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஓட்ஸும் சாலடும் செய்யச் சொன்னால் அந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்காது. சமைக்கிறவர் பாடும் பாவம்.

பொரியல் ஒரு கரண்டி அல்ல, ஒரு பெரிய கிண்ணம். அவரை, புடலை, கோஸ், கீரை எது வேண்டுமானாலும் ஆகட்டும். உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றுக் கணக்கு. சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள்: முதலில் பொரியலில் பாதி, முட்டையோ மீனோ, பிறகு சோறு. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் இதனால் தணிகிறது, காசு செலவில்லாத ஏற்பாடு.

ஐந்தாவது வாரம் சாயங்காலமும் இரவும். இரண்டு வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். வெந்த கொண்டைக்கடலை 150 கிராமில் 12 கிராம் புரதம் இருக்கிறது. கலோரியில் வடையோடு பெரிய வித்தியாசம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் இரவு எட்டரை வரை வயிறு கேட்காது, லாபம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்து வேகவைத்து, மூன்று நாளுக்கானதை ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். இரவு நாலு தோசை இரண்டாகட்டும், கூட 75 கிராம் பன்னீர், அல்லது காய்ந்த எடையில் 30 கிராம் மீல்மேக்கர். இரண்டிலும் 14, 15 கிராம் புரதம் கிடைக்கும், கொழுப்பு மீல்மேக்கரில் மிகக் குறைவு. அசைவ நாளில் மத்தி, கானாங்கெளுத்தி, கோழி எதுவானாலும் 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. குழம்பாக வையுங்கள், பொரிப்பது வேண்டாம்.

எண்ணெய்க்கு ஓர் எளிய கணக்கு. பாக்கெட்டை உடைக்கும்போது அதன் மேல் தேதி எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, சுமார் 270 கலோரி. இரண்டரை லிட்டரில் முடித்தால் தலைக்கு 21 மில்லி. நல்லெண்ணெயா கடலை எண்ணெயா செக்கு எண்ணெயா என்ற விவாதம் அதற்கப்புறம். எதுவானாலும் கலோரி ஒன்றுதான்.

சிறுதானியக் கேள்விக்கு வருகிறேன். கம்பு, கேழ்வரகு, தினை எல்லாவற்றிலும் 100 கிராமுக்குக் கலோரி அரிசியை ஒட்டியே இருக்கும். நார்ச்சத்து கூடுதல், சில தாதுக்கள் கூடுதல், அதனால் நல்லதுதான். ஆனால் அரிசியில் 400 கிராம் சாப்பிட்டவர் வரகரிசிச் சோற்றில் 400 கிராம் சாப்பிட்டால் எடையில் மாற்றம் இராது. இன்னொரு பிழை, கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடிப்பது. மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் உள்ளே போவதால் சர்க்கரை வேகமாக ஏறும். களியாகவோ அடையாகவோ, பக்கத்தில் கீரையோ குழம்போ வைத்துச் சாப்பிடுங்கள். பிடித்திருந்தால் வாரம் மூன்று வேளை மாற்றலாம், பிடிக்கவில்லை என்றால் பொன்னி அரிசியிலேயே இருங்கள்.

இதற்கு மேல் புரத மாவு வாங்க வேண்டுமா என்றால், மேலே சொன்னதைச் சாப்பிட முடிகிறவருக்கு வேண்டாம். கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று ஜிம் மேசையில் யாராவது எடுத்து வைத்தால் அந்த மேசையை விட்டு எழுந்துவிடுங்கள்.

நடை. முதல் இரண்டு வாரம் இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் பத்து நிமிடம் மட்டும். வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் பிரச்சினைக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடைக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்றாவது வாரம் காலையிலும் பதினைந்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி முப்பதில் நிறுத்துங்கள். வேகம்: நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு மனம் உடையாதீர்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் அது, மருத்துவர்கள் எடுத்த அளவு அல்ல.

நடையை வைத்து மட்டும் எடை குறைக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 82 கிலோ உள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால், சும்மா இருந்திருந்தால் ஆகும் செலவைக் கழித்தபின் மிஞ்சுவது சுமார் 100 கலோரி. நடை முடிந்து டீக்கடையில் ஒரு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எடையைத் தட்டு குறைக்கும். நடை சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் பார்த்துக்கொள்ளும்.

செருப்புப் போட்டு வேகமாக நடந்தால் அதைப் பிடித்து வைக்க விரல்கள் வளைந்தே இருக்கும், கணுக்காலுக்கு மேல் முன்எலும்பு வலிக்கத் தொடங்கும். பின்பட்டை உள்ள ஷூ போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை. சென்னை வெயிலில் ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மொட்டை மாடியில் நடப்பவர்கள் ஒரே பக்கம் சுற்றாமல் எட்டு வடிவில் நடந்தால் முழங்காலில் ஒரு பக்கம் சுமை ஏறாது.

நாலாவது வாரம் தசைப் பயிற்சி. பலர் விட்டுவிடுவது இதைத்தான், நான் விடவே கூடாது என்பதும் இதைத்தான். வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி, இருபத்தைந்து நிமிடம், வீட்டிலேயே.

பஸ்கியில் தொடங்குங்கள், ஆனால் பின்னால் ஒரு நாற்காலி வைத்து. கால்கள் தோள் அகலம், இடுப்பை முதலில் பின்னுக்குத் தள்ளி, நாற்காலியில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்து எழ வேண்டும். பத்து முறை, ஒன்றரை நிமிட ஓய்வு, மறுபடி பத்து. கவனிக்க வேண்டியது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று. எழும்போது அது உள்ளே போனால் வலி வரும், பெருவிரலை அடுத்த விரல்களின் திசையிலேயே முழங்காலைத் தள்ளுங்கள். குதிகால் தூக்கினால் இன்னும் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்.

அடுத்து தண்டால். தரையில் இரண்டுகூட எடுக்க முடியாதவர் முழங்காலை ஊன்றி எடுப்பதைவிட, சமையல் மேடையில் கை ஊன்றிச் சாய்வாக எடுப்பது நல்லது, உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை நேராக இருக்கப் பழகும். மேடையில் பன்னிரண்டு எளிதானால் உறுதியான ஸ்டூல், அதிலும் எளிதானால் தரை. முழங்கை இரண்டு பக்கமும் சிறகுபோல் விரியக் கூடாது, உடம்போடு 45 பாகையில் இருக்கட்டும், தோள்பட்டை பிழைக்கும்.

முதுகுக்கு, பள்ளிப் பையில் 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள். இடது கையை நாற்காலியில் ஊன்றி, வலது கையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள், பக்கத்துக்குப் பத்து. நாளெல்லாம் கணினி முன் கூன் போட்டு உட்காருகிறவருக்கு ஆறு பயிற்சிகளில் ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால் இதைத் தேர்ந்தெடுப்பேன். அதே பையை இரு கையிலும் முன்னால் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து மட்டும் குனிந்து நிமிர்வது அடுத்தது. துடைப்பக் கட்டையை முதுகில் நெடுக வைத்துப் பழகுங்கள். பின்தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றும் கட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் முதுகு சரியாக இருக்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் அதற்கு மேல் குனியாதீர்கள்.

கடைசி இரண்டும் சுருக்கம். முழங்கை ஊன்றிப் பலகைபோல் இருபது விநாடி, மூன்று தடவை. இடுப்பு தொங்கத் தொடங்கினால் அதோடு முடிந்தது, நேரத்தைக் கூட்டுவதற்காகத் தொங்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பிறகு இரண்டு வாளியில் பாதித் தண்ணீர், இரு கையிலும் தூக்கிக்கொண்டு மாடியில் நிமிர்ந்து ஒரு நிமிட நடை.

எப்போது சுமையைக் கூட்டுவது? இரண்டு சுற்றிலும் பன்னிரண்டு முறை முடித்து, இன்னும் இரண்டு மூன்று எடுக்கலாம் என்ற நிலை அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் கூட்டலாம். பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் செருகினால் ஒரு கிலோ. ஒரு நோட்டில் தேதி, எண்ணிக்கை, எடை எழுதுங்கள். தம் பிடித்துத் தூக்காதீர்கள், தூக்கும்போது மூச்சை விடுங்கள். தம் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முதல் தடவைக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை தொடையில் வரும் மந்தமான வலி இயல்பு, நடந்தால் குறையும். மூட்டுக்குள் குத்துகிற வலி அப்படியல்ல, அதைத் தரும் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். வயிற்றுத் தசைக்குத் தனியாக நூறு தடவை எழுந்து படுத்தாலும் தொப்பை மட்டும் கரையாது. கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பது உடம்பின் முடிவு.

இடையில் அறுந்துபோகும் நாட்களுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். மோசமான நாளில் பத்து நிமிட நடை மட்டும், அதுவே அன்றைய பயிற்சி. தொடர்ந்து இரண்டு நாள் விடக் கூடாது என்ற ஒரே விதி போதும். காய்ச்சலுக்குப் பின்பு விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதி எண்ணிக்கையிலிருந்து வாருங்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் நன்றாகச் சாப்பிடுங்கள், மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்து மறுநாள் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும், மூன்று நாளில் இறங்கிவிடும். பட்டினிதான் அடுத்த பெருந்தீனிக்கு வழி.

எடையை தினமும் காலை, கழிவறை போய்வந்த பின், ஒரே மெஷினில் பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைத்து அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும். முதல் மாதம் ஒரு கிலோ இறங்கினால் போதும். எல்லா மாற்றமும் வந்துவிட்ட பிறகு வாரத்துக்கு 300, 400 கிராம் இறங்கும். பன்னிரண்டு வாரத்தில் மூன்று நாலு கிலோ, ஆறு கிலோவுக்கு ஐந்து மாதம் பிடிக்கும். மூன்று வாரம் சராசரி நகரவே இல்லையென்றால் முதலில் சோற்றை மறுபடி தராசில் வையுங்கள். பெரும்பாலும் 200 கிராம் சத்தமில்லாமல் 280 ஆகியிருக்கும். அது சரியாக இருந்தால் தூக்கத்தைப் பாருங்கள், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவருக்குப் பசி அதிகம்.

தொடங்குமுன் ரத்த அழுத்தம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 160/100-ஐத் தாண்டினால் சுமை தூக்கும் பகுதியை மருத்துவரைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வாயு என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது. இதைப் படிக்கும் வேறு யாராவது இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சோற்றைப் பாதியாக்கி நடையையும் கூட்டும்போது சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடலாம். மருந்தளவை மருத்துவரிடம் பேசாமல் இந்தத் திட்டத்தில் இறங்க வேண்டாம்.

எச்பிஏ1சி சோதனையை மூன்று மாதம் முடிந்த பிறகு எடுங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், மூன்று மாதம் ஆகுமுன் எடுத்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் பெரிதாகக் கலந்து வரும். அந்தச் சமயத்தில் பையில் 10 கிலோவுக்கு மேல் அடைக்க இடமில்லாமல் போயிருந்தால் மூன்றாவது முறையாக ஜிம்மில் சேருங்கள். ஆண்டுக் கட்டணத் தள்ளுபடி வேண்டாம், ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். முதல் நாள் உங்கள் பழைய காயம், மருந்து, தூக்கம் எதையும் கேட்காமல் நேரே மெஷினில் உட்காரவைக்கும் பயிற்சியாளரிடம் உங்கள் நோட்டைக் காட்டி, இதே ஆறு அசைவுகளை டம்பெல்லில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.